சரியாக வெடிக்காத துப்பாக்கி வீட்டில் இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா விட்டுச்சென்றவை ஒரு தென்னந்தோப்பு, ஒரு வரப்பு வழக்கு, இரண்டு துப்பாக்கிகள். துப்பாக்கிகளில் ஒன்று பன்னிரண்டு ‘போர்’ (குழலின் உள்அகலத்தைச் சொல்லும் அளவு) இரட்டைக்குழல். மற்றது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். இரண்டும் நினைத்தால் வெடிக்கும், நினைக்காவிட்டால் வெடிக்காது. வரப்பு வழக்குகூட இரண்டு ஆண்டில் முடிந்துவிட்டது. துப்பாக்கிகளைக் கரைசேர்க்க நான்கு ஆண்டு ஆயிற்று. அதற்குப் பிறகு சாயல்குடியிலிருந்து தொண்டி வரை யார் வீட்டுப் பரணில் துப்பாக்கி கிடந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். நான் வழக்கறிஞன் இல்லை. அலைந்தவன், அவ்வளவுதான்.

எங்கள் துப்பாக்கி நான்கு தடவைக்கு ஒரு தடவைதான் வெடிக்கிறது. வெடிக்காத துப்பாக்கியால் யாருக்கு என்ன ஆபத்து?

ஒருபோதும் வெடிக்காது என்று தெரிந்தால் ஆபத்து இல்லை. எப்போதும் வெடிக்கும் என்று தெரிந்தால் அதற்குரிய பயத்தோடு கையாளுவோம். எப்போது வெடிக்கும் என்று தெரியாததுதான் ஆளைக் கொல்லும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடியற்காலை, கடலைக் கொல்லையில் பன்றி இறங்கிவிட்டது என்று சித்தப்பா ஒற்றைக்குழலை எடுத்துக்கொண்டு ஓடினார். மருந்து முந்தின நாள் கெட்டித்தது. விசையை அழுத்தினார். மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடிமூடியான தொப்பி மட்டும் ‘டப்’ என்றது, புகை மெல்லியதாக ஒரு கீற்று வந்தது, அவ்வளவுதான். பன்றி போய்விட்டது. சித்தப்பா குழலைக் கீழே இறக்கி, “என்னவாம் இதற்கு” என்று என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் வெடித்தது. என் காலுக்கு ஒரு முழம் தள்ளி மணல் பிய்த்துக்கொண்டு எழும்பியது. வாயெல்லாம் மண். சித்தப்பா துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு காலையும் தடவித் தடவிப் பார்த்தார். ஐயா அன்று ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியைத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, பரணில் ஏற்றினார். அதன் பிறகு அது இறங்கவே இல்லை. மருந்து ஈரம் பட்டிருந்ததால் தீ மெதுவாக ஊர்ந்து போயிருக்கிறது. அதைத் தாமத வெடிப்பு என்பார்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் அந்த நொடியில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் செய்ய வேண்டியது. குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே, ஆள் இல்லாத பாதுகாப்பான திசையில், குறைந்தது ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். திறக்காதீர்கள், குனிந்து பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்காதீர்கள். தோட்டா போடும் துப்பாக்கியாக இருந்தால் அதற்குப் பிறகு திறந்து எடுக்கலாம். வாயில் மருந்து கெட்டித்ததாக இருந்தால் இன்னும் நீண்ட நேரம் பொறுங்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

இதைவிட நயவஞ்சகமானது அரைகுறை வெடிப்பு. சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதாக, ‘புஸ்’ என்று வரும். வெடித்துவிட்டது என்று நினைத்து அடுத்த தோட்டாவைப் போட்டால், முந்தின சுடுபொருள் குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். இரண்டாவது வெடியில் குழல் கிழியும். சத்தம் மாறினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு தோட்டாவிலா, துப்பாக்கியிலா?

வெடிக்காத தோட்டாவின் பின்பக்கம் பாருங்கள். நடுவில் உள்ள சின்னச் செப்புப் பொட்டில் ஊசி குத்திய குழி தெரியும். குழி ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டா கெட்டுவிட்டது. குழி மேலோட்டமாக இருந்தால் சுத்தியை அடிக்கும் வில் தளர்ந்திருக்கும், அல்லது ஊசி தேய்ந்திருக்கும். எங்கள் இரட்டைக்குழலில் வலது குழல் நன்றாகக் குத்தியது. இடது குழல், எறும்பு கடித்த மாதிரி ஒரு தடம் மட்டும் வைத்தது. பழைய காகித உறைத் தோட்டாக்கள் நம் கடற்கரை ஈரத்தில் உப்பிப்போய்க் குழலுக்குள் போகவே மறுக்கும். அதைத் தட்டித் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது?

கடற்கரையில் துப்பாக்கி சீக்கிரம் கெடுமா? நாங்கள் தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறோம்.

கெடும். வாடைக்காற்றும் கச்சான்காற்றும் மாறி மாறி அடிக்கிற ஊரில் சைக்கிள் கம்பியே இரண்டு ஆண்டு தாங்குவதில்லை. போதாக்குறைக்கு, கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) எரிந்து குழலில் தங்கும் கசடு ஈரத்தை உறிஞ்சும். பழைய தொப்பிகளில் இருந்த குளோரேட் மருந்து எரிந்தால் மிஞ்சுவதும் ஒருவகை உப்புதான். வெளியே கடல் உப்பு, உள்ளே மருந்து உப்பு. சுட்ட அன்றே கழுவித் துடைக்காத குழல் மறுவாரம் செம்மண் பூசிக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய் நல்லெண்ணத்தில் செய்கிற கெடுதல். நாளாக நாளாக அது பிசினாகி இறுகும், வில்லும் விசையும் ஒட்டிக்கொள்ளும். இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். தோல் உறைக்குள் போட்டு வைப்பதும் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உறையின் வடிவத்துக்கே துரு ஏறும். உறைக்கு வெளியே உலர்ந்த பெட்டியில் பூட்டி வையுங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள்.

இன்னொன்று: குளவி. குழல் அகலம் குளவிக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. எங்கள் ஒற்றைக்குழலில் நான்கு விரற்கடை நீளத்துக்கு மண் கூடு இருந்தது. அப்படியே யாராவது சுட்டிருந்தால் குழல் வாழைப்பூ மாதிரி விரிந்திருக்கும்.

வெள்ளைக்காரன் காலத்து இரட்டைக்குழல். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் தோட்டாவைப் போடலாமா?

தெரியாமல் போடாதீர்கள். குழலைக் கழற்றினால் அடிப்பக்கம், கட்டையோடு பொருந்தும் தட்டையான இடத்தில், முத்திரைகள் இருக்கும். பர்மிங்காம், லண்டன் சோதனை நிலையங்கள் அடித்தவை. எங்கள் துப்பாக்கியில் ஒரு சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்தும் இருந்தன. தோட்டா அறையின் அளவைக் குறிப்பது அது. நவீனத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்துக்குச் சோதித்துத் தேறியதற்கு ‘நைட்ரோ’ என்ற சொல் தனியாக இருக்க வேண்டும். அது எங்கள் குழலில் இல்லை. அதாவது கரிமருந்துக்கு மட்டும் செய்த குழலில் ஐயா பல ஆண்டு நவீனத் தோட்டா போட்டுச் சுட்டிருக்கிறார். புண்ணியம் செய்தவர்.

அளவும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து அறைகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. இப்போது பரவலாக இருப்பது 70. நீளமான தோட்டா உள்ளே உட்கார்ந்துவிடும். சுடும்போதுதான் அதன் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் மேல் அலை அலையாகக் கோலம் மாதிரி வரிகள் தெரிந்தால் அது இரும்பு நாடாக்களை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல். பார்க்க அத்தனை அழகு. அந்த ஒவ்வொரு வரியும் ஒரு பற்றவைப்பு, ஒவ்வொன்றுக்குள்ளும் துரு போகலாம். அதைச் சுவரில்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து ஊரில் ஒரு ஆசாரி அருமையாகச் சரிசெய்து தருகிறார். அவரிடம் கொடுக்கலாமா?

அவர் மேல் உங்களுக்கு அன்பு இருந்தால் கொடுக்காதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். உங்களிடம் முறையான உரிமம் இருப்பது அவரைக் காப்பாற்றாது. குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் இதே தண்டனைக்குரிய தனிக் குற்றம். கைக்கு அடக்கமாக இருக்கட்டுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

உரிமம் பெற்ற ஆயுதக் கடையிடம்தான் போக வேண்டும். உரிமப் புத்தகத்தோடு போங்கள், ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். நான் மதுரையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் துப்பாக்கியைத் திறந்து மூடினார், காதோரம் வைத்து ஆட்டினார், குழல் கட்டையோடு உட்காரும் இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பார்த்தார். காகிதம் தாராளமாகப் போய் வந்தது. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். விலை பற்றி வாயே திறக்கவில்லை.

வெடிக்கவே வெடிக்காது. வெறும் பழைய இரும்பு. இதற்கும் உரிமம் வேண்டுமா?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இதில்தான்.

சட்டத்தின் 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த மாதிரியோ, பழமை மதிப்புள்ளதோ, பழுதடைந்ததோ ஆன ஆயுதம், *பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும்* துப்பாக்கியாகப் பயன்பட முடியாத நிலையில் இருந்தால் அதற்குச் சட்டம் பொருந்தாது. ‘பழுதுபார்த்தாலும்’ என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. வில் உடைந்திருக்கிறது, ஊசி இல்லை, விசை இறுகிவிட்டது என்றெல்லாம் நீங்கள் அடுக்கலாம். இவை எல்லாம் மாற்றக்கூடியவை. ஆக அது துப்பாக்கிதான். உங்கள் துப்பாக்கி சந்தேகத்துக்குரியது என்பது உங்கள் வருத்தம். சட்டத்துக்கு அதில் சந்தேகம் இல்லை.

உரிமமில்லாமல் வைத்திருந்தால் தண்டனை பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை, அபராதமும் உண்டு. 45ஆம் பிரிவு எனக்குப் பொருந்தும் என்று நீங்களே பரண் மேல் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

துப்பாக்கி தாத்தா பெயரில். அவர் இறந்து ஆண்டுக்கணக்காகிறது. இப்போது போனால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா?

இந்தப் பயத்தில்தான் பாதித் துப்பாக்கிகள் பரணிலேயே கிடக்கின்றன. உரிமதாரர் இறந்த அன்றே அந்த வீட்டில் துப்பாக்கி இருப்பதற்கு உரிமை போய்விடுகிறது. 21ஆம் பிரிவின்படி, தேவையற்ற தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதால் அது உங்களை விட்டுப் போய்விடாது. குறித்த காலத்துக்குள் வாரிசு உரிமம் வாங்கினால் திரும்பப் பெறலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லலாம். இரண்டும் செய்யாவிட்டால் ஆட்சியர் உத்தரவின்பேரில் அரசுடைமையாகும்.

நாட்கள் கடந்திருந்தால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போகாதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கலந்து, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய உரிமப் புத்தகம் ஆகியவற்றின் நகலோடு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மனுவில் ‘படைக்கல உரிமம்’ என்று எழுதுங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் அந்தச் சொல்தான் ஓடும். புத்தகத்தில் எஸ்பிஎம்எல் என்றிருந்தால் வாயில் மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல், டிபிபிஎல் என்றிருந்தால் பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல். குழலில் பொறித்த எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். எங்கள் புத்தகத்தில் ஒரு 3, ஊதா மை கசிந்து 8 ஆகியிருந்தது. அந்த எட்டை மூன்றாக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

தாத்தா இன்னும் இருக்கிறார் என்றால் நீங்கள் பாக்கியசாலி. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முந்துகிறதோ அப்போதே தான் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் கேட்கலாம். வாரிசுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இதை அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே கேளுங்கள். கேட்கத் தயங்கிய வீடுகளில்தான் பிறகு நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்களிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று போயாக வேண்டும். 2019 டிசம்பர் திருத்தம் ஒருவருக்கு இரண்டு என்று குறைத்துவிட்டது. பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்கு. எதைக் கொடுப்பது என்று குடும்பம் கூடிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எது வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எது பெரிய தாத்தா கையில் இருந்தது என்பதுதான் பேச்சு.

விற்கலாமா?

உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். விற்பதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்குபவரிடம் கோளாறை மறைக்காதீர்கள். மாட்டில் சுழி மறைத்து விற்பது மாதிரி இல்லை இது.

அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளுமா?

ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் சேதுபதிகள் காலத்து ஆயுதங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்குத் தம் வீட்டுத் துப்பாக்கியும் வரலாறு என்று தோன்றும். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801ஆம் ஆண்டிலேயே கம்பெனி இந்தச் சீமையின் ஆயுதங்களைப் பறிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு 1878 சட்டம் எல்லாவற்றையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கப்புறம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் கடையில் வாங்கிய வேட்டைத் துப்பாக்கிகள். உங்களுடையது உண்மையிலேயே பழையது என்றால் துறைக்கு எழுதிக் கேளுங்கள். நூறு ஆண்டு தாண்டியிருந்தால் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இவ்வளவு அலைச்சல் எதற்கு? ஒரு ராத்திரி வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் போட்டால் முடிந்தது. இல்லாவிட்டால் தோப்பில் புதைத்துவிடலாம்.

2018 ஜூன் மாதம் தங்கச்சிமடம் அந்தோணியார்புரத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். துருப்பிடித்த பெட்டிகளில் தோட்டாக்களும் வெடிபொருளும் வந்தன. இலங்கைப் போராளிக் குழுக்கள் இங்கே நடமாடிய எண்பதுகளில் புதைத்தவை என்றார்கள். முப்பது ஆண்டு கழித்து, சம்பந்தமே இல்லாத ஒருவர் மண்வெட்டியில் அது சிக்கியது. நம் மண் எதையும் வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுக்கும். கடலும் அப்படித்தான். இன்று போட்டது நாளை யாருடைய வலையிலோ வரும். போலீஸ் முதலில் கேட்பது வலைக்காரரைத்தான்.

பதிவேட்டில் உங்கள் பெயரில் துப்பாக்கி இருக்கிறது, வீட்டில் இல்லை என்றால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். பழைய தோட்டா, கரிமருந்து எதையும் எரிக்கவோ கிணற்றில் போடவோ கூடாது. காவல் நிலையத்துக்குத் தெரிவித்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கரையில் குண்டு மாதிரி, குழாய் மாதிரி ஏதாவது ஒதுங்கினால் தொடாமல் 1093க்குப் பேசுங்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் அது. கப்பலின் புகைக்குறிக் குழாயாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

பயிரைக் காக்கத்தானே வைத்திருக்கிறோம்? மயிலும் பன்றியும் விடுவதில்லை.

உண்மைதான், மிளகாய்க் கொல்லைக்காரன் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வேட்டை அனுமதி ஆகாது. மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பன்றிக்கும் வனத்துறையைத்தான் கேட்க வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்ப் பக்கம் துப்பாக்கியோடு திரிந்தால் கதை வேறு, அவை பறவைச் சரணாலயங்கள். சத்தம் போட்டு விரட்டத்தான் என்றால் தகரம் தட்டுங்கள். தகரம் ஒவ்வொரு தடவையும் சத்தம் போடும்.

கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது பற்றியும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆபத்தாகும்படி அப்படிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, அங்கே இன்னும் கெட்டுப்போகாதா?

கெடலாம். எங்களுடையது ஒரு தடவை சாக்கில் சுற்றியபடி திரும்பி வந்தது, சாக்கு ஈரம். கொடுக்கும் முன் எண்ணெய் பூசுங்கள், குழல், கட்டை, எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், ரசீதில் துப்பாக்கியின் நிலையையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுக்கொரு முறை உரிமப் புதுப்பிப்பு, நடுவில் தேர்தல்கள் என்று நடையாய் நடந்தபோதுதான் எனக்கே உறைத்தது, சுடாத துப்பாக்கிக்கு எத்தனை சேவகம் செய்கிறோம் என்று.

கடைசியில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

இரண்டையும் ஒப்படைத்தேன், திரும்பக் கேட்கவில்லை. ஒற்றைக்குழலைக் கொடுப்பதில் எனக்கு ஒரு நிமிடத் தயக்கமும் இல்லை. என் கால் தப்பியது போதும். இரட்டைக்குழலுக்கு அப்பத்தா சம்மதிக்க ஒரு ஆண்டு ஆயிற்று. ஐயா மழை நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து அதைத் துடைப்பாராம், அந்த எண்ணெய் வாசனை அவர் துண்டில் இருக்குமாம். நான் அப்பத்தாவை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஒரு நாள் அவராகவே, “கொண்டுபோய்க் கொடு, பேரப் பிள்ளைகள் பரணில் ஏறத் தொடங்கிவிட்டன” என்றார்.

தோல் உறையை மட்டும் வைத்துக்கொண்டேன், அதற்கு உரிமம் வேண்டியதில்லை. இப்போது சித்தப்பா அதில் தூண்டில் கம்பைப் போட்டு வைத்திருக்கிறார்.